ஸ்பேம் மடல்கள்: வடிகட்டியை ஏமாற்றும் வழிகள், சட்டத்தில் அவற்றின் விளைவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள், செய்திமடல் அனுப்பும் சிறு நிறுவனத்தார், "இது எப்படி என் இன்பாக்ஸுக்குள் வந்தது?" என்று திகைப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஸ்பேமர்களின் உத்திகளை இங்கே விளக்குவதற்குக் காரணம் இரண்டு. அவற்றை அடையாளம் காண வேண்டும். நேர்மையாக மடல் அனுப்புபவர் தெரியாமல் அதே பழக்கத்தில் விழக் கூடாது.

எந்த மடலை ஸ்பேம் என்கிறோம்?

கேட்காமல் வருவது, மொத்தமாக அனுப்பப்படுவது. இரண்டும் சேர்ந்தால் அது ஸ்பேம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த விஷயம்.

1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனக் கணினிகளைப் பற்றி ஒரே மடலை அனுப்பினார். அதைத்தான் முதல் ஸ்பேம் என்பார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. சொந்தப் பெயரில் அனுப்பினார், ஏச்சு வாங்கினார், அத்தோடு முடிந்தது. வடிகட்டிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. தன்னை மறைத்துக்கொள்ளும் ஸ்பேம்தான் இப்போது பிழைக்கிறது. வடிகட்டி மோப்பம் பிடிப்பது அந்த மறைப்பைத்தான். பெரும்பாலான நாடுகளில் சட்டம் கடுமையாகத் தண்டிப்பதும் அதைத்தான்.

அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட எப்படி முடிகிறது?

மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புபவர் உண்மையானவரா என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. பள்ளியில் கடிதம் எழுதும்போது 'அனுப்புநர்' என்று போட்டு அதன்கீழ் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். தபால்காரர் கேட்க மாட்டார். இங்கும் அப்படியே.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உறைமேல்: சர்வர்கள் தமக்குள் பேசும்போது சொல்வது, மடல் திரும்பினால் போய்ச் சேர வேண்டிய இடம். இன்னொன்று உள்ளே இருக்கும் 'ஃப்ரம்' வரி. வாசகர் பார்ப்பது இரண்டாவதை மட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பழைய நெறிமுறையில் கிடையாது. ஆள்மாறாட்ட மடல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் இருந்தால் போதுமா?

அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடுகளான இந்த மூன்றும் தேவை. ஆனால் எது எதைச் செய்கிறது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

எஸ்பிஎஃப் என்பது "என் டொமைன் பெயரில் இந்த ஐபி முகவரிகள் மட்டுமே மடல் அனுப்பலாம்" என்று டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் விவரங்களைத் தேடிப் பார்க்கும் இணையத்தின் பொது ஏட்டில்) எழுதி வைக்கும் ஒரு வரி. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண். பெறும் சர்வர் உறைமேல் உள்ள டொமைனை அதனோடு ஒப்பிடும். டிகிம் ஒரு டிஜிட்டல் கையொப்பம். மடலின் உடலும் சில ஹெடர்களும் (மடலின் தலைப்பகுதியில் இருக்கும் தகவல் வரிகள்) வழியில் மாறவில்லை என்று அது காட்டும். வாசகர் பார்க்கும் ஃப்ரம் வரியோடு பொருந்துகிறதா என்ற கேள்வியை இவ்விரண்டும் கேட்பதில்லை. ஒரு ஸ்பேமர் தன் சொந்த டொமைனை உறைமேல் போட்டு எஸ்பிஎஃப்பில் 'பாஸ்' வாங்கிவிட்டு, ஃப்ரம் வரியில் ஒரு வங்கியின் முகவரியை எழுதலாம். அதைப் பிடிப்பது டிமார்க். எஸ்பிஎஃப்போ டிகிம்மோ, ஒன்றாவது ஃப்ரம் வரியின் டொமைனோடு பொருந்தித் தேற வேண்டும் என்கிறது அது. தேறாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன் உரிமையாளரே சொல்லிவிடலாம்: விட்டுவிடு ('கண்காணி'), ஸ்பேம் பெட்டியில் போடு ('ஒதுக்கு'), அடியோடு திருப்பிவிடு ('நிராகரி').

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை:

ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் இருந்தால், பெறும் சர்வர் இரண்டையும் சேர்த்துப் படிக்காது. நிரந்தரப் பிழை என்று ஒதுக்கிவிடும். புதிய செய்திமடல் சேவையைச் சேர்க்கும்போது, பழைய வரியைத் திருத்தாமல் இன்னொன்றை எழுதிவிடுவதால் இது நேர்கிறது. ஒரு எஸ்பிஎஃப் வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டாலும் அதே பிழைதான். நான்கைந்து வெளிச்சேவைகளைச் சேர்த்தாலே 10-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு சேவையின் வரிக்குள்ளும் வேறு தேடல்கள் இருக்கின்றன. கையொப்பத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் போடும் டிகிம் சாவி 2048 பிட் என்றால் டிஎன்எஸ்ஸின் ஒரு சரத்துக்குரிய 255 எழுத்து வரம்பைத் தாண்டும். அதை இரண்டு மேற்கோள் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். வெட்டும் இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் ஒரு மடலும் தேறாது. மடலை வேறு பெட்டிக்கு ஃபார்வர்ட் செய்தால் எஸ்பிஎஃப் உடையும், டிகிம் பிழைக்கும். அஞ்சல் குழு மென்பொருள் அடியில் ஒரு வரி சேர்த்தால் டிகிம் உடையும்.

டிமார்க்கை முதல் நாளே 'நிராகரி' என்று வைக்காதீர்கள். 'கண்காணி' நிலையில் தொடங்கி, அறிக்கைகள் வந்துசேர ஒரு முகவரி கொடுத்து, குறைந்தது ஒரு முழு மாதம் படியுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ரசீது அனுப்பும் ஏதோ ஒரு பழைய நிரல் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். அதைச் சரிசெய்துவிட்டு 'ஒதுக்கு', பிறகு 'நிராகரி' என்று ஏறுங்கள். கண்காணி நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது, பூட்டை வாங்கிக் கதவில் தொங்கவிட்டு, பூட்டாமல் போவதற்குச் சமம். மடலே அனுப்பாத டொமைன் இருந்தால் அதற்கும் "யாரும் அனுப்பக் கூடாது" என்ற எஸ்பிஎஃப் வரியும் 'நிராகரி' டிமார்க்கும் போட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் டொமைன்களை ஸ்பேமர்கள் தேடிப்பிடிக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓரெழுத்து மாற்றிய ஒத்த டொமைனை ஸ்பேமர் முறைப்படி வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்தால் அவருடைய மடலும் தேறும். டிமார்க்கில் தேறியது என்றால் "சொன்ன டொமைனிலிருந்துதான் வந்தது" என்று மட்டுமே பொருள். அனுப்பியவர் நல்லவர் என்று பொருளல்ல.

வடிகட்டி உள்ளே என்ன செய்கிறது?

படிப்படியாக வேலை செய்கிறது. மலிவான சோதனை முதலில், கனமானது கடைசியில்.

இணைப்பு வந்தவுடன் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இதுவும் ஒரு டிஎன்எஸ் தேடல்தான்: 192.0.2.99 என்ற முகவரியைத் திருப்பி 99.2.0.192 என்றாக்கி, பட்டியலின் டொமைனை ஒட்டிக் கேட்கும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் பட்டியலில் இருக்கிறது. விடையே வராவிட்டால் இல்லை. இந்த முறை 1997-இல் பால் விக்சியின் பட்டியலோடு பரவலானது. 1998-இல் தொடங்கிய ஸ்பேம்ஹாஸின் பட்டியல்களை இன்று உலகெங்கும் சர்வர்கள் கேட்கின்றன.

அடுத்தது கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வரிடம் "இப்போது முடியாது, பிறகு வா" என்று தற்காலிக மறுப்புச் சொல்வது. போஸ்ட்கிரே மென்பொருளில் இயல்பான காத்திருப்பு 300 வினாடி. ஒழுங்கான சர்வர் மடலை வரிசையில் வைத்திருந்து மறுபடி வரும். அவசரமாகக் கொட்டிவிட்டு ஓடும் நிரல்கள் பல வருவதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் மடல்கள் தாமதமாவது இதன் குறை. அவற்றை அனுப்பும் சேவைகளுக்கு விலக்கு எழுதி வையுங்கள்.

பிறகு உள்ளடக்கம். ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டி நூற்றுக்கணக்கான விதிகளுக்குத் தனித்தனி மதிப்பெண் போட்டுக் கூட்டும். இயல்பான எல்லை 5.0. ஒற்றை விதி ஒரு மடலைக் கவிழ்ப்பது அரிது. ஐந்தாறு சிறு குறைகள் சேர்ந்துதான் கவிழ்க்கும். அதோடு பேய்சியன் கணக்கும் உண்டு. எந்தச் சொல் ஸ்பேமில் அதிகம், எது நல்ல மடலில் அதிகம் என்று உங்கள் பெட்டியிலிருந்தே அது கற்றுக்கொள்ளும். ஸ்பேம்அசாசினில் 200 ஸ்பேம், 200 நல்ல மடல் கற்பிக்கும் வரை அந்தப் பகுதி வேலையே செய்யாது. "பேய்சியனை இயக்கினேன், பயனில்லை" என்பவர்களில் பலர் ஸ்பேமை மட்டும் கற்பித்து, நல்ல மடலைக் கற்பிக்க மறந்தவர்கள்.

எழுத்துகளை மாற்றிப் போட்டால் வடிகட்டி ஏமாறுமா?

கொஞ்ச நாள் ஏமாறும். ஆங்கில எழுத்து போலவே தோன்றும் சிரிலிக் எழுத்தை (ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்து) சொல்லின் நடுவே வைப்பது பழைய உத்தி. கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு குறியெண்.

தமிழில் இதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். 'கௌரவம்' என்று ஒருவரும் 'கெளரவம்' என்று இன்னொருவரும் தட்டச்சு செய்கிறார்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் குறியும் ளகர எழுத்தும். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. ரகரமும் துணைக்காலும் அப்படித்தான். 'காலை' என்பதன் துணைக்காலை எடுத்துவிட்டு ரகரம் போட்டால் வாசகர் கவனிக்க மாட்டார். சொல்லைத் தேடும் விதி தவறவிடும். யூனிகோட் (உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் தரநிலை) வகுத்த சீராக்கம், ஔகாரக் குறியைப் பிரித்து எழுதியிருந்தால் ஒன்றாக்கிவிடும். ஆனால் ளகரம் போட்டு எழுதியதை அது தொடாது. தோற்றத்தில் ஒத்த எழுத்துகளின் பட்டியலை யூனிகோட் அமைப்பு தனியே வெளியிடுகிறது. வடிகட்டி அதைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே உருவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும்.

இந்த உத்தி கடைசியில் ஸ்பேமர்களுக்கே பாதகமாகிறது. ஆங்கிலமும் சிரிலிக்கும் போல ஒரே சொல்லுக்குள் எழுத்தைக் கலந்து நேர்மையான மடல் எழுதுவது மிக அரிது. ஆகவே அந்தக் கலப்பே தனி மதிப்பெண் பெறும் குற்றமாகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் மறைந்த உரையும் எதற்கு?

சொல்லின் நடுவே அகலமே இல்லாத இடைவெளியையோ மென் இணைப்புக்குறியையோ நுழைத்தால், திரையில் சொல் முழுதாகத் தெரியும். நிரலுக்கோ உடைந்த துண்டுகள். எழுத்தளவைப் பூஜ்யமாக்குவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பவையும் இதே வகை. சொற்களைப் பிரிக்கும் முன்பு இத்தகைய குறிகளை நீக்கிவிடுவதும், எத்தனை நீக்கினோம் என்று எண்ணி வைப்பதும் தீர்வு. தமிழ் மடல்களுக்கு ஓர் எச்சரிக்கை: க்ஷ என்று கூட்டெழுத்தாகாமல் தனித்தனியே காட்டுவதற்கு அகலமற்ற பிரிப்புக்குறியை முறையாகவே பயன்படுத்துகிறார்கள். ஒன்றிரண்டு இருப்பதற்காக மடலைத் தள்ளாதீர்கள்.

மறைந்த உரையில் செய்திகளிலிருந்து எடுத்த பத்திகளைக் கொட்டுவது, பேய்சியன் கணக்கைக் கெடுக்கும் முயற்சி. இது நினைப்பதைவிடக் குறைவாகவே பலிக்கிறது. 2002-இல் பால் கிரகாம் விவரித்த முறை, ஒரு மடலில் இருப்பவற்றுள் மிகத் தீவிரமான 15 சொற்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டது. பொதுவான சொற்கள் எத்தனை சேர்த்தாலும் அந்தப் பதினைந்தில் இடம்பிடிக்காது. உங்கள் பெட்டியில் நல்ல மடலின் அடையாளமாக இருக்கும் சொற்கள் வேறு: உங்கள் திட்டங்களின் பெயர், சக ஊழியர்களின் பெயர். அவை ஸ்பேமருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பிரதியிலும் ஓரிரு சொற்களை மாற்றுவது, ஒரே மடல் பலருக்குப் போகிறது என்று கைரேகை (மடலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியீடு) ஒப்பிட்டுப் பிடிக்கும் வடிகட்டிகளிடமிருந்து தப்ப. அதனால்தான் முழு மடலின் கைரேகையை விட்டு, துண்டு துண்டாக எடுத்து ஒப்பிடும் முறைகள் வந்தன.

உரையே இல்லாமல் படமாக வருவது?

2006-இல் இது பெருவெள்ளமாக வந்தது, முக்கியமாகப் பங்குவிலையை ஏற்றிவிடும் மோசடிகளில். படத்தில் ஓரிரு புள்ளிகளை மாற்றினால் கைரேகை மாறிவிடும். எழுத்தறியும் மென்பொருள் வடிகட்டியில் சேர்ந்த பிறகு அது அடங்கியது. இப்போது வருவது கியூஆர் குறி. வாசகர் அதைத் தம் கைபேசியில் ஸ்கேன் செய்யும் அந்த நொடியிலேயே அலுவலகப் பாதுகாப்பு வளையத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். இந்த மோசடி நம்பியிருப்பது அதைத்தான். கடவுச்சொல்லைப் புதுப்பிக்கச் சொல்லி மடலில் கியூஆர் வந்தால் தொடாதீர்கள். கணினியில் திறந்திருக்கும் மடலை நீங்கள் கைபேசிக்கு மாற வேண்டிய தேவை என்ன?

லிங்க் நம்பகமான தளத்தைத்தான் காட்டுகிறது. பிறகு எப்படி மோசடி?

மூன்று வழிகள் உண்டு. நல்ல தளத்தில் எந்த முகவரிக்கும் திருப்பிவிடும் பக்கம் திறந்து கிடந்தால், லிங்க் அங்கே தொடங்கி வேறெங்கோ முடியும். கவனிப்பாரில்லாத வலைத்தளத்துக்குள் புகுந்து அங்கே ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். மடல் வந்துசேரும்போது சுத்தமாக இருந்த பக்கம் சில மணி நேரம் கழித்து மாறுவதும் உண்டு. அதனால்தான் வந்தபோது மட்டும் சோதிக்கும் வடிகட்டி போதாது. அழுத்தும்போதும் சோதிக்க வேண்டும், தவறு தெரிந்தால் இன்பாக்ஸிலிருந்தே மடலைத் திரும்ப எடுக்க வேண்டும்.

வலைத்தளம் நடத்துபவர்கள் இன்றே பார்க்க வேண்டியது: உள்நுழைவுக்குப் பின் திருப்பிவிடும் முகவரியை உங்கள் தளம் அப்படியே ஏற்கிறதா? அனுமதித்த முகவரிகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, மற்றவற்றை முகப்புப் பக்கத்துக்கே அனுப்புங்கள்.

ஆயிரக்கணக்கான ஐபிகளிலிருந்து அனுப்பினால் கறுப்புப் பட்டியல் என்ன செய்யும்?

பனிச்சப்பாத்து உத்தி என்பார்கள். அகலமான சப்பாத்து உடல் எடையைப் பரப்பிப் பனியில் புதையாமல் காப்பது போல, ஒவ்வொரு ஐபியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி வரம்புக்குக் கீழேயே இருப்பது. இதற்குக் கொத்துக் கொத்தாகப் புது டொமைன்கள் வேண்டும். ஆகவே பதிவாகிச் சில நாளே ஆன டொமைன், ஒரே பதிவாளர், பக்கத்துப் பக்கத்து ஐபிகள் என்ற உறவுகளை வைத்துக் கொத்தையே பட்டியலிடுகிறார்கள்.

இதைவிடக் கொடியது பாட்நெட். தீநிரல் புகுந்த வீட்டுக் கணினிகள், உரிமையாளருக்குத் தெரியாமல் மடல் அனுப்பும். அத்தனை கணினிகளுக்கும் கட்டளை ஒரு சில இடங்களிலிருந்தே போனது. 2008 நவம்பர் 11 அன்று மெக்கோலோ என்ற ஒரே இணைய வழங்கியின் இணைப்பு துண்டிக்கப்பட்டதும் உலகின் மொத்த ஸ்பேம் அளவே சட்டென்று சரிந்தது. 2011 மார்ச்சில் ரஸ்டாக், 2021 ஜனவரியில் எமோடெட் என்று பிறகும் பல பாட்நெட்டுகள் முடக்கப்பட்டன.

தெரிந்தவரிடமிருந்தே, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வந்ததே?

அவருடைய பெட்டிக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். எமோடெட் இப்படித்தான் பரவியது: திருடிய பழைய மடலுக்குப் பதில் போல எழுதி, கோப்பை இணைத்து அனுப்பும். திருடிய கணக்கிலிருந்தே நேராக அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாமே தேறும். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பும், அந்தக் கடவுச்சொல் அதே மடலிலும் இருந்தால் வடிகட்டி உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மடலுக்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள்.

கேட்காமல் விளம்பர மடல் அனுப்புவதே குற்றமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் அதுவே குற்றமல்ல. 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கேன்-ஸ்பேம் சட்டம் "வேண்டாம் என்றால் நிறுத்து" என்ற முறையைப் பின்பற்றுகிறது. ஆனால் ஹெடரும் பொருள் வரியும் (சப்ஜெக்ட்) பொய்யாக இருக்கக் கூடாது, அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகும் வழி மடல் அனுப்பியதிலிருந்து குறைந்தது 30 நாள் வேலை செய்ய வேண்டும், விலகல் கோரிக்கையை 10 வேலை நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். 2025-இல் திருத்திய அளவுப்படி, மீறும் ஒவ்வொரு மடலுக்கும் அபராதம் 53,088 டாலர் வரை போகலாம்.

கனடாவில் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். 2014 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பொருள் வாங்கியவரிடம் 2 ஆண்டும், விசாரித்தவரிடம் 6 மாதமும் மறைமுக ஒப்புதல் இருப்பதாகக் கொள்ளலாம். அதற்குப் பிறகு வெளிப்படையான ஒப்புதல் தேவை. ஒரு மீறலுக்கு நிறுவனம் 1 கோடி கனடிய டாலர் வரையும், தனிநபர் 10 லட்சம் வரையும் கட்ட நேரிடலாம். ஆஸ்திரேலியாவிலும் ஒப்புதல் வேண்டும். விலகலுக்கு 5 வேலை நாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறியாணை முன் ஒப்புதலைக் கேட்கிறது, அனுப்புநர் தம் அடையாளத்தை மறைப்பதையும் தனியே தடை செய்கிறது. சிங்கப்பூரின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்காத மொத்த விளம்பர மடலின் பொருள் வரியிலேயே விளம்பரம் என்ற குறி இருக்க வேண்டும் என்கிறது.

இந்தியாவில் மின்னஞ்சல் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மடலின் மூலத்தைப் பற்றி ஏமாற்றுவதைக் குற்றமாக்கியிருந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே நீக்கியது. ஆனால் ஏமாற்று வேலைக்குத் தப்பிக்க இடமில்லை. கணினி வழி ஆள்மாறாட்டத்துக்கு 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் 66சி, அனுமதியின்றிக் கணினிக்குள் புகுந்தால் 43-உடன் சேர்ந்த 66. இலங்கையில் அத்துமீறிப் புகுவதை 2007-இன் கணினிக் குற்றச் சட்டம் தண்டிக்கிறது.

வடிகட்டியை ஏமாற்றுவதற்குத் தனித் தண்டனை உண்டா?

அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 1037-ஆம் பிரிவைப் படித்தால் ஸ்பேமர்களின் உத்திப் பட்டியலையே படிப்பது போலிருக்கும். பிறர் கணினிக்குள் புகுந்து அனுப்புவது, மூலத்தை மறைக்க வேறு சர்வர் வழியாகக் கடத்துவது, ஹெடரைப் பொய்யாக்குவது, பொய் அடையாளத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட மின்னஞ்சல் கணக்குகளையோ 2 அல்லது அதற்கு மேற்பட்ட டொமைன்களையோ பதிந்து அனுப்புவது, 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஐபி முகவரிகளைத் தமதென்று பொய் சொல்வது. 24 மணி நேரத்தில் 100-க்கு மேல், 30 நாளில் 1,000-க்கு மேல், ஓர் ஆண்டில் 10,000-க்கு மேல் என்றால் அது 'மொத்தம்' ஆகிவிடும். சாதாரணமாக 1 ஆண்டு வரை சிறை. பிறர் கணினிக்குள் புகுந்திருந்தாலோ, ஒரே நாளில் 2,500-ஐத் தாண்டியிருந்தாலோ 3 ஆண்டு வரை. வேறொரு பெருங்குற்றத்துக்குத் துணையாகச் செய்திருந்தால், அல்லது இரண்டாம் முறை என்றால், 5 ஆண்டு வரை.

பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற டொமைனிலிருந்து வந்தால், ஹெடர் தொழில்நுட்பப்படி சரியாக இருந்தாலும் அதைப் பொய் ஹெடராகவே கேன்-ஸ்பேம் கருதுகிறது. டிமார்க்கில் தேறிய ஒத்த டொமைன்காரர்கள் மாட்டுவது இங்கே.

யாராவது உண்மையிலேயே சிறைக்குப் போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். ராபர்ட் சொலோவேக்கு 2008-இல் 47 மாதம். பங்கு மோசடி ஸ்பேமுக்காக ஆலன் ரால்ஸ்கிக்கு 2009-இல் 51 மாதம். ஃபேஸ்புக் கணக்குகளைத் திருடிச் செய்தி அனுப்பிய சான்ஃபோர்ட் வாலஸ் 2009-இல் உரிமையியல் வழக்கில் 71.1 கோடி டாலர் கட்டும்படி தீர்ப்புப் பெற்றார். குற்றவியல் வழக்கில் 2016-இல் 30 மாதச் சிறை. கெலிஹோஸ் பாட்நெட்டை நடத்திய பியோத்தர் லெவாஷோவ் 2017-இல் பார்சிலோனாவில் பிடிபட்டார். 2021-இல் தண்டனை சொன்னபோது, அதுவரை காவலில் கழித்த காலமே போதும் என்றது நீதிமன்றம். ஆஸ்திரேலியாவில் கிளாரிட்டி1 நிறுவனத்துக்கு 2006-இல் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலரும் அதன் இயக்குநருக்கு 10 லட்சமும் அபராதம்.

மறுபக்கமும் உண்டு. வர்ஜீனியாவில் ஜெரமி ஜெய்ன்ஸுக்கு விதித்த 9 ஆண்டுச் சிறையை 2008-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாநிலச் சட்டம் வணிக மடலோடு நிற்காமல், பெயர் மறைத்து எழுதும் அரசியல், சமயக் கருத்துகளையும் தடுத்தது என்பதே காரணம். அது சரியான தீர்ப்பு என்றே சொல்வோம். மோசடியைத் தடுக்கும் சட்டம் பேச்சைத் தடுக்கக் கூடாது.

அனுப்பியது விளம்பர முகவர். எங்களுக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு. கேன்-ஸ்பேமில் மடலை அனுப்பிய நிறுவனமும், யாருடைய பொருளை விற்க மடல் போனதோ அந்த நிறுவனமும் பொறுப்பாகலாம். முகவரிகள் எங்கிருந்து வந்தன, எந்த டொமைனிலிருந்து போகும், விலகல் கோரிக்கை யாரிடம் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். "டெலிவரி உறுதி" என்று விற்பவரிடம் எப்படி என்று கேளுங்கள். தினம் ஒரு புது டொமைன் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விலைக்குக் கிடைக்கும் முகவரிப் பட்டியலை வாங்கலாமா?

வேண்டாம். அவற்றில் பொறி முகவரிகள் இருக்கும். யாருமே பயன்படுத்தாமல், வலையைத் துழாவும் நிரல்களுக்காகவே போட்டு வைத்தவை ஒரு வகை. கைவிடப்பட்டு, ஆண்டுகள் கழித்து பொறியாக உயிர்ப்பிக்கப்பட்டவை இன்னொரு வகை. அவற்றுக்கு மடல் வந்தால் ஒப்புதல் வாங்கவில்லை என்பது உறுதி. ஒரே அனுப்பலில் உங்கள் டொமைன் பெயர் கெட்டுவிடும், மீட்க மாதங்கள் ஆகும்.

எங்கள் நேர்மையான மடலே ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது. சொற்களை லேசாக மாற்றி எழுதலாமா?

கூடாது. இங்கே சொன்ன உத்தி எதைத் தொட்டாலும் மதிப்பெண் இன்னும் மோசமாகும். காரணம் பெரும்பாலும் சொல்லில் இருக்காது, அனுப்பும் முறையில் இருக்கும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புபவருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மடலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும். கோரிக்கையை 2 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். ஸ்பேம் என்று புகாராகும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது, 0.1-க்குக் கீழே வைப்பது நல்லது. அதாவது 1,000 பேரில் 3 பேர் புகார் செய்தாலே ஆபத்து.

பதிவுசெய்தவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் அனுப்பி, அவர் அதை அழுத்திய பிறகே பட்டியலில் சேருங்கள். முகவரி இல்லை என்று நிரந்தரமாகத் திரும்பியதை அன்றே நீக்குங்கள். ஆறு மாதமாகத் திறக்காதவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு விடுங்கள். விலகும் லிங்க்கைப் பெரிதாகவே வையுங்கள். அது கிடைக்காதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார், அது உங்களுக்குப் பல மடங்கு கேடு. புது டொமைனிலிருந்து முதல் நாளே மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பாதீர்கள். ஆர்வமாகப் படிப்பவர்களிடம் சில நூறிலிருந்து தொடங்கி, புகார் விகிதத்தைப் பார்த்துக்கொண்டே சில வாரங்களில் ஏற்றுங்கள்.

ஸ்பேம் மடலில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' லிங்க்கை அழுத்தலாமா?

நீங்கள் பதிவுசெய்த, பெயர் தெரிந்த நிறுவனம் என்றால் அழுத்தலாம். யாரென்றே தெரியாதவர் என்றால் ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகும்.

நான் அனுப்பாத மடல்கள் "சேரவில்லை" என்று எனக்குத் திரும்பி வருகின்றனவே?

இரண்டில் ஒன்று. யாரோ உங்கள் முகவரியை உறைமேல் பொய்யாகப் போட்டிருக்கிறார்கள். அல்லது உங்கள் கணக்கே கையைவிட்டுப் போயிருக்கிறது. 'அனுப்பியவை' பெட்டி காலியாக இருப்பதை நம்ப வேண்டாம், அழித்திருக்கலாம். உள்நுழைந்த இடங்களின் பட்டியலைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு பலர் மறக்கும் இரண்டு இடங்கள்: தானாக ஃபார்வர்ட் செய்யும் விதிகள், அனுமதி பெற்ற வெளிச் செயலிகள். கடவுச்சொல்லை மாற்றினாலும் இவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். திருடர் அந்த வழியாகத் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பார்.

ஹெடரைப் பார்த்து மடல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் அசல் மடலைக் காட்டும் கட்டளை இருக்கிறது. திறந்ததும் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே ஒட்டிக்கொண்டே போகும். ஆகவே மடலின் பயணம் கீழிருந்து மேலாக. ஆனால் கீழே உள்ளவற்றை ஸ்பேமரே எழுதிச் சேர்த்திருக்க முடியும். உறுதியாக நம்பக்கூடியது உங்கள் சர்வர் எழுதிய வரிகளை மட்டும். மேலிருந்து இறங்கி வந்து, உங்கள் சர்வர் வெளியாரிடமிருந்து மடலைப் பெற்ற வரியைக் கண்டுபிடியுங்கள். அதில் உள்ள ஐபிதான் புகாருக்கு உதவும் ஐபி. அதற்குக் கீழே உள்ளது எல்லாம் அவர்கள் சொன்ன கதை. பக்கத்தில் இருக்கும் சரிபார்ப்பு முடிவு வரியில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் தேறினவா, எந்த டொமைனுக்காகத் தேறின என்று பாருங்கள்.

புகார் கொடுக்க எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

மடலின் அசல் கோப்பை, முழு ஹெடரோடு. திரைப்பிடிப்பு மட்டும் போதாது, அதில் ஹெடர் இருக்காது. சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தாலும் அசல் ஹெடர் தொலைந்துவிடும். கோப்பாக இறக்கி, இணைப்பாக அனுப்புங்கள். பெற்ற நேரத்தை நேர மண்டலத்தோடு குறியுங்கள். ஒரே ஐபி பல பேர் கைக்கு மாறும் என்பதால் நேரம் இல்லாத ஐபியை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஐபிக்குப் பொறுப்பான வழங்கி யார் என்பதை ஹூஇஸ் தேடலில் (ஐபி, டொமைன் யாருக்குரியது என்று காட்டும் பொதுப் பதிவேடு) பார்த்து, அதில் கொடுத்திருக்கும் முறைகேட்டுப் புகார் முகவரிக்கு எழுதுங்கள். பணம் இழந்திருந்தால் முதலில் வங்கிக்கும் காவல் துறைக்கும் சொல்லுங்கள், வழங்கிக்குப் பிறகு எழுதலாம். விசாரணை முடியும் வரை அசல் மடலைப் பெட்டியிலிருந்தும் அழிக்காதீர்கள். பல சேவைகளில் ஸ்பேம் பெட்டி 30 நாளில் தானாகவே காலியாகிவிடும், அதனால் முதல் நாளே வேறு அடைவுக்கு மாற்றி வையுங்கள்.